கிராப் சென்சார் கேமராவை வைத்துக்கொண்டு கல்யாணத் தொழிலுக்கு இறங்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். கையில் கேனான் 200டி இருக்கிறது. இரண்டு வருடமாகத் தெரிந்தவர்கள் வீட்டு விசேஷங்களை எடுத்துக் கொடுக்கிறீர்கள். வரும் தையிலிருந்து வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்க நினைக்கிறீர்கள். இந்த நேரம் பார்த்து ஒரு சீனியர், "ஃபுல் ஃப்ரேம் இல்லாமல் மண்டபத்துக்குள் கால் வைக்காதே" என்று சொல்லிவிட்டார். (படம் பதியும் சில்லுதான் சென்சார். பழைய 35 மிமீ ஃபிலிம் அளவுக்குப் பெரிதாக இருந்தால் ஃபுல் ஃப்ரேம், அதைவிடச் சின்னது கிராப். உங்கள் 200டி கிராப்.) கடன் வாங்கியாவது மாற்ற வேண்டுமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. படத்தில் வித்தியாசம் தெரியுமா என்பது ஒன்று. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் என்னை மதிப்பார்களா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு நான் பார்த்ததை, பட்டதைத்தான் சொல்ல முடியும்.

நான் மதுரைப் பக்கம் இருபது வருடமாகக் கல்யாணம் எடுக்கிறவன். ஒரு ஸ்டூடியோவில் ஃபிளாஷ் பிடிக்கும் பையனாகச் சேர்ந்து, ஃபிலிம் ரோல் மாற்றிக் கொடுத்துத் தொழில் பழகினேன். இப்போது பையில் ஒரு ஃபுல் ஃப்ரேம் பாடியும் (பாடி என்றால் லென்ஸ் இல்லாத கேமரா) இரண்டு ஏபிஎஸ்-சி பாடியும் (கிராப்பில் பரவலான அளவு இது) இருக்கின்றன. எந்தக் கம்பெனிக்கும் நான் விசுவாசி இல்லை. விளம்பரப் படம், ஃபேஷன் இரண்டும் என் வேலை இல்லை, அதனால் கீழே சொல்வதை அங்கே அப்படியே கொண்டுபோய்ப் பொருத்தாதீர்கள்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மிமீ. உங்கள் 200டியில் இருப்பது சுமார் 22.3-க்கு 14.9. சோனி, நிக்கான், ஃபியூஜியின் ஏபிஎஸ்-சி கொஞ்சம் பெரிது, 23.5-க்கு 15.6. இன்னும் சின்னதான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகை 17.3-க்கு 13. பரப்பாகப் பார்த்தால் ஃபுல் ஃப்ரேம் உங்களுடையதைப் போல ஏறக்குறைய 2.6 மடங்கு, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைப் போல நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரே எஃப் எண் (லென்ஸின் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது, எண் குறையக் குறைய வாய் அகலம்), ஒரே ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) வைத்து எடுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு விழும் வெளிச்சம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். பரப்பு கூடுவதால் மொத்தமாகச் சேரும் வெளிச்சம் கூடுகிறது. நாம் திட்டிக்கொண்டே இருக்கும் நாய்ஸில், அதாவது படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் பிசிறில், பெரும்பங்கு வெளிச்சம் குறைவாகச் சேர்ந்ததால் வருவது. அதனால் ஒரே தலைமுறை சென்சார்களை எடுத்துக்கொண்டால், ஃபுல் ஃப்ரேமில் ஐஎஸ்ஓ (கிடைத்த வெளிச்சத்தை எவ்வளவு தூக்கிக் காட்டுகிறோம் என்ற எண்) 6400-இல் வரும் நாய்ஸ் உங்கள் கேமராவில் 2500 வாக்கிலும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 1600 வாக்கிலும் வந்துவிடும். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. "என் கிராப் பாடியும் ஃபுல் ஃப்ரேமும் ஒன்றுதான்" என்று யாராவது வீடியோ போட்டால் நம்ப வேண்டாம்.

ஆனால் உங்கள் சீனியர் மேலே சொன்னதோடு நிறுத்திக்கொள்கிறார். அதற்கு அடுத்த வரிதான் கல்யாண வேலைக்கு முக்கியம். "ஒரே எஃப் எண்ணில் எடுத்தால்" என்று சொன்னேன் அல்லவா? நிஜத்தில் நாம் அப்படி ஒரே எஃப் எண்ணில் எடுக்கிறோமா?

தாலி கட்டும் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐயர் கை காட்டுகிறார், கெட்டிமேளம் எழும்புகிறது, நாதஸ்வரக்காரர் மூச்சு விடாமல் வாசிக்கிறார். மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோகிறார். நாத்தனார் அடுத்த முடிச்சுப் போட பின்னாலேயே நிற்கிறாள். நீங்கள் இரண்டு மீட்டர் தள்ளி, வீடியோக்காரரின் முழங்கை விலாவில் இடிக்க, 35 மிமீ லென்ஸோடு நிற்கிறீர்கள். ஃபுல் ஃப்ரேமில் எஃப் 1.8 வைத்தால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் சுமார் 35 செமீ. பெண்ணின் முகம் கூர்மையாக இருக்கும், நாத்தனார் கரைந்துபோவார். ஆல்பம் கொடுத்த மறுநாள் மாப்பிள்ளையின் அக்கா ஃபோன் செய்து, "என் முகத்தை மட்டும் ஏன் தம்பி மங்கலாக எடுத்தே?" என்று கேட்பார். கேட்டிருக்கிறார்கள். அதனால் நான் எஃப் 4 வைப்பேன். அப்போதுதான் ஆழம் 80 செமீ அளவுக்கு வந்து, பெண், மாப்பிள்ளையின் கை, நாத்தனார் மூன்றும் தெளிவாக விழும். கை அசைவை நிறுத்த ஷட்டர் நொடியில் 160-இல் ஒரு பங்காவது வேண்டும். மண்டப வெளிச்சத்தில் இதற்கு ஐஎஸ்ஓ 3200 போகும் என்று வையுங்கள்.

இதே படத்தை உங்கள் 200டியில் 22 மிமீ வாக்கில் எடுத்தால் அதே காட்சி கிடைக்கும். அதே 80 செமீ ஆழத்துக்கு எஃப் 2.5 போதும். எஃப் 2.5 என்பதால் ஐஎஸ்ஓ 1250-க்கு இறங்கிவிடலாம். ஃபுல் ஃப்ரேமில் 3200-இன் நாய்ஸும் உங்களுடையதில் 1250-இன் நாய்ஸும் கிட்டத்தட்ட ஒன்று. பெரிய சென்சாரின் லாபம் அந்தப் படத்தில் அப்படியே காணாமல் போய்விட்டது. ஆழமும் ஷட்டரும் இவ்வளவு வேண்டும் என்று முடிவாகிவிட்ட எந்தப் படத்திலும் இதே கதைதான். பெரிய சென்சார் கூடுதல் வெளிச்சத்தைத் தருவது, ஆழத்தை விட்டுக்கொடுக்க நீங்கள் தயாராக இருக்கும்போது மட்டும். மேடையில் இருபது பேர் நிற்கும் குரூப் ஃபோட்டோவை இரண்டு பக்கமும் ஃபிளாஷ் போட்டு எஃப் 5.6-இல் எடுக்கும்போது எந்த கேமராவில் எடுத்தது என்று எனக்கே சொல்லத் தெரியாது.

ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்தக் கணக்கு வேலை செய்ய, சின்ன சென்சாரில் வாய் அகன்ற லென்ஸ் வேண்டும். 200டியோடு வரும் 18-55 கிட் லென்ஸ் எஃப் 4-இல் தொடங்குகிறது. ஆழத்தையும் நாய்ஸையும் வைத்துப் பார்த்தால் அது ஃபுல் ஃப்ரேமில் எஃப் 6.4 வைத்து எடுப்பதற்குச் சமம். ஜூம் செய்யச் செய்ய இன்னும் மோசம். "கிராப் பாடியில் ராத்திரி எடுத்தால் சோறு இறைத்த மாதிரி இருக்கிறது" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் கிட் லென்ஸில் எடுத்தவர்கள். அதே பாடியில் சிக்மா 18-35 எஃப் 1.8 போட்டால், ஃபுல் ஃப்ரேமில் 29-56 எஃப் 2.9 லென்ஸ் போட்ட கணக்கு. தொழில்காரர்கள் வைத்திருக்கும் 24-70 எஃப் 2.8-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. என்ன, அது 810 கிராம். 200டி மாதிரி சின்ன பாடியில் முன்பக்கம் தொங்கும்.

சரி, ஃபுல் ஃப்ரேம் எங்கே உண்மையிலேயே ஜெயிக்கிறது? கோயில் கல்யாணத்தில். கல் மண்டபம், எண்ணெய் விளக்கு, மேலே எங்கோ ஒரு டியூப் லைட், ஃபிளாஷ் போடாதே என்று அர்ச்சகர் சொல்லிவிட்டார். அங்கே ஆழம் பற்றிக் கவலைப்படும் நிலையில் நாம் இல்லை. எஃப் 1.4-ஐத் திறந்து, கிடைத்த வெளிச்சத்தை அள்ள வேண்டும். அந்த இடத்தில் ஒன்றேகாலுக்குச் சற்று மேலான ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) என்பது படத்தைக் கொடுக்கலாமா, கருப்பு வெள்ளையாக மாற்றித் தப்பிக்கலாமா என்பதைத் தீர்மானிக்கும். அப்புறம் அவுட்டோர் ஷூட். ஜோடிகளுக்குப் பின்னால் எல்லாம் கரைந்து மெழுகிப்போக வேண்டும். 85 மிமீ எஃப் 1.4 ஃபுல் ஃப்ரேமில் தரும் தோற்றத்துக்கு உங்கள் கேமராவில் 53 மிமீ எஃப் 0.9 வேண்டும், கடையில் அப்படி ஒன்றைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. ஜோடியைப் பின்னணியிலிருந்து இன்னும் இருபது அடி முன்னால் நிறுத்தி, நீளமான லென்ஸில் எடுத்து ஓரளவு ஈடுகட்டலாம். முழுதாக முடியாது. இந்த இரண்டு வேலையும்தான் உங்கள் பிழைப்பு என்றால் சீனியர் சொன்னது சரி.

நாய்ஸ் நீக்கும் மென்பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. லைட்ரூமில் 2023-இல் வந்த ஏஐ டீநாய்ஸ், அதற்கு முன்பே இருந்த டீஎக்ஸ்ஓ போன்றவை நிஜமாகவே ஒரு ஸ்டாப்புக்கு மேல் மீட்டுத் தருகின்றன என்பது என் கண்ணுக்குத் தெரிந்த வரை உண்மை. பட்டுப்புடவை ஜரிகையில் சில சமயம் பிளாஸ்டிக் பூசிய மாதிரி ஆகிவிடும், கவனிக்க வேண்டும். ஒரு படத்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்தால் ஆயிரத்து ஐந்நூறு படத்துக்கும் இதை ஓட்ட முடியாது. ஆல்பத்துக்குப் போகும் இருபது முப்பது இருட்டுப் படங்களுக்கு ஓட்டலாம்.

பிரிண்ட் பற்றியும் பயமுறுத்தியிருப்பார்கள். நம் ஆல்பம் ஷீட் 12-க்கு 36 இன்ச், நடுவில் மடித்தால் பக்கத்துக்கு 12-க்கு 18. ஒரு பக்கம் முழுக்க ஒரே படத்தை 300 டிபிஐயில் (இன்ச்சுக்கு 300 புள்ளி) அச்சடிக்க 5400-க்கு 3600 பிக்சல் வேண்டும், அதாவது 19.4 மெகாபிக்சல். உங்கள் 200டி 6000-க்கு 4000 எடுக்கிறது. போதும். ஷீட் முழுக்க ஒரே படம் என்றால் 10800 பிக்சல் நீளம் வேண்டும். அது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமிலும் கிடையாது, ஆனாலும் எல்லோரும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆல்பத்தைக் கையில் விரித்துப் பார்க்கும் தூரத்தில் 200 டிபிஐயும் நன்றாகவே இருக்கிறது.

டைனமிக் ரேஞ்ச் (ஒரே படத்தில் வெளிச்சத்தையும் நிழலையும் சேர்த்துப் பிடிக்கும் திறன்) விஷயத்தில் மட்டும் "பெரிது என்றால் நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். ஒரே காலத்துச் சென்சார்களில் பெரியதற்கு லாபம் உண்டு. ஆனால் 2012-இல் வந்த கேனான் 5டி மார்க் 3-ஐயும் 2015-இல் வந்த நிக்கான் டி7200-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐஎஸ்ஓ 100-இல் எடுத்து நிழலைத் தூக்கினால் கிராப் சென்சார் டி7200 சுத்தமாக வரும், ஃபுல் ஃப்ரேம் 5டியில் கோடு கோடாகக் கிளம்பும். இருட்டில் ஐஎஸ்ஓவை ஏற்றினால் 5டி முந்தும். அதனால் பழைய ஃபுல் ஃப்ரேமை செகண்ட் ஹேண்டில் மலிவாக வாங்குவதும் புதிய கிராப் பாடி வாங்குவதும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடியவை இல்லை. எந்தச் சென்சார், எந்த வருடம் என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, "ஃபுல் ஃப்ரேமில் முகம் இயற்கையாக வரும், கிராப்பில் சப்பையாகும்" என்பார்கள். முகத்தின் அமைப்பை முடிவு செய்வது நீங்கள் நிற்கும் தூரம். ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியை எடுத்தால் எல்லாச் சென்சாரிலும் மூக்கு ஒரே மூக்குதான்.

"ஃபுல்" என்ற சொல்லே கொஞ்சம் வேடிக்கையானது. 24-க்கு 36 என்பது சினிமா ஃபிலிமின் ஒரு ஃப்ரேமை இரட்டிப்பாக்கி ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்த லைக்கா கேமராவின் அளவு. 1925-இல் அது கடைக்கு வந்தபோது, தட்டுத் தட்டாக நெகட்டிவ் வைத்து எடுத்தவர்களுக்கு அது பொம்மை. நான் ஃபிளாஷ் பிடித்த காலத்தில்கூட அகலமான 120 ரோல் ஃபிலிமில் எடுத்த பெரியவர்கள் 35 மிமீ கேமராவைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தார்கள். டிஜிட்டலில் நிக்கான் 1999-இல் டி1 கொண்டுவந்ததிலிருந்து 2007-இல் டி3 வரும்வரை அந்தக் கம்பெனியில் ஃபுல் ஃப்ரேமே கிடையாது. அந்த எட்டு வருடம் நிக்கான் வைத்திருந்த பத்திரிகைக்காரர்கள், கல்யாணக்காரர்கள் எல்லோரும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரில்தான் சம்பாதித்தார்கள். இந்தப் பக்கம், ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் வைத்திருப்பவரின் 44-க்கு 33 சென்சாரைப் பார்த்தால் உங்கள் சீனியரின் கேமராவே கிராப்தான். சினிமாவில் சூப்பர் 35 என்று சொல்லும் அளவு ஏபிஎஸ்-சியை ஒட்டியது. அந்த அளவுச் சென்சார் உள்ள ஆரி அலெக்ஸா சினிமா கேமராவில் எடுத்த படங்களைத் திரையில் பார்த்துவிட்டு வந்து, கிராப்பில் வீடியோ எடுக்க முடியாது என்று சொல்கிறோம்.

சென்சார் அளவைவிட என்னை அதிகம் படுத்தியவை வேறு. முதல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் வாங்கிய புதிதில், ஒரு காலை முகூர்த்தத்தில் சத்தம் வராமல் இருக்கட்டும் என்று சைலண்ட் ஷட்டரில், அதாவது எலக்ட்ரானிக் ஷட்டரில், வைத்தேன். பின்னால் எல்இடி வால், மேலே எல்இடி விளக்குகள். அந்தக் கேமரா எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சாரை மேலிருந்து கீழாகப் படித்து முடிக்க நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு நூறு தடவை விட்டுவிட்டு எரியும். படிக்கும் நேரத்துக்குள் விளக்கு ஆறேழு தடவை மினுக்கிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மணப்பெண் முகத்தில் பட்டை பட்டையாகக் கறுப்பு. நல்ல வேளை, செகண்ட் ஷூட்டர் ஏபிஎஸ்-சி பாடியில் மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்திருந்தான். ஆல்பத்தின் தாலிப் படம் அவன் எடுத்ததுதான். சாதாரணமாகச் சென்சார் பெரிதாகப் பெரிதாகப் படிக்கும் நேரமும் கூடும். ஸ்டாக்டு வகைச் சென்சார்கள் இதை வேகமாகச் செய்யும். 2022-இல் வந்த ஃபியூஜி எக்ஸ்-எச்2எஸ், ஓஎம்-1 இரண்டிலும் அது உண்டு, இரண்டுமே சின்ன சென்சார்கள்.

அடுத்தது கார்டு. உங்கள் 200டியில் ஒரே ஒரு கார்டு ஸ்லாட். எனக்கு ஒரு ரிசப்ஷன் கார்டு பாதியில் படுத்திருக்கிறது. ரெகவரியில் முக்கால்வாசி கிடைத்தது, மீதி வந்து சேரும்வரை மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு எடுக்கும்போது இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகும் பாடி வேண்டும். 200டியைத் தொழிலுக்கு முக்கிய கேமராவாக வைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான், சென்சார் அளவு இல்லை. கிராப்பிலேயே கேனான் ஆர்7, ஃபியூஜி எக்ஸ்-டி5 இரண்டிலும் இரட்டை ஸ்லாட் இருக்கிறது. ஆர்10-இல் ஒன்றுதான்.

இப்போது மதிப்பு என்கிற விஷயம். ஃப்ரீலான்ஸ் கூப்பிடும் வாட்ஸாப் குழுக்களில் "ஃபுல் ஃப்ரேம் பாடி இருந்தால் மட்டும் தொடர்புகொள்ளவும்" என்று போடுகிறார்கள் என்பது நிஜம். அதை வெறும் பந்தா என்று ஒதுக்க மாட்டேன். மூன்று பேர் எடுத்த படங்கள் ஒரே எடிட்டரிடம் போகும்போது எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே வகை பாடியாக இருந்தால் கலர் சேர்ப்பது சுலபம். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். அடுத்தவருக்குக் கீழே வேலை பார்த்துத்தான் முதல் இரண்டு வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நேரடியாக ஆர்டர் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் வேறு கதை. இருபது வருடத்தில் என் கேமராவின் சென்சார் அளவைக் கேட்ட பெண்வீட்டார் இரண்டு பேரோ மூன்று பேரோதான். எல்லோரும் கேட்டது ஆல்பம் எப்போது வரும் என்பதைத்தான்.

செலவில் ஒரு பொறி இருக்கிறது, கேனான்காரர் என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன். உங்களிடம் இருக்கும், கிராப் பாடிக்கென்றே செய்த இஎஃப்-எஸ் லென்ஸ்களை அடாப்டர் வைத்து ஆர்6 மார்க் 2 மாதிரி ஃபுல் ஃப்ரேம் பாடியில் மாட்டலாம், ஆனால் அது தானாகக் கிராப் ஆகி 24 மெகாபிக்சல் ஒன்பது சொச்சமாகிவிடும். ஆக பாடியோடு லென்ஸ்களையும் புதிதாக வாங்க வேண்டும். கடன் தொகையைக் கணக்கிட்டபோது பாடி விலையை மட்டும் போட்டிருந்தீர்கள் என்று நினைக்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, தவணை மட்டும் மாதாமாதம் வரும். ஆர்7 வாங்கினால் அதே லென்ஸ்கள் அதே அடாப்டரில் 32.5 மெகாபிக்சலில் முழுதாக வேலை செய்யும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கடன் வாங்க மாட்டேன். ஆல்பத்துக்குப் போன உங்கள் பழைய படங்களை மட்டும் லைட்ரூமில் போட்டு, ஐஎஸ்ஓ 1600-க்கு மேல் எத்தனை, அதில் லென்ஸை முழுதாகத் திறந்து எடுத்தவை எத்தனை என்று ஃபில்டர் செய்து பார்ப்பேன். ஃபுல் ஃப்ரேம் உதவியிருக்கக்கூடியது அந்தப் படங்களுக்குத்தான். அவை கொஞ்சம்தான் என்றால், இரட்டை ஸ்லாட் உள்ள ஒரு கிராப் பாடி, ஒரு எஃப் 1.8 அல்லது 2.8 ஜூம், இரண்டு ஃபிளாஷ், ஸ்டாண்டு என்று காசைப் பிரித்துப் போடுவேன். 200டியை விற்காமல் இரண்டாவது பாடியாகத் தோளில் மாட்டிக்கொள்வேன். கோயில் கல்யாணம் வந்தால் அன்றைக்கு மட்டும் ஃபுல் ஃப்ரேமும் 35 எஃப் 1.4-உம் வாடகைக்கு எடுப்பேன். தையிலும் வைகாசியிலும் பெரிய முகூர்த்த நாளில் வாடகைக் கேமரா எல்லாம் முன்பே புக் ஆகிவிடும், ஆர்டர் உறுதியான அன்றே சொல்லி வைத்துவிடுங்கள். முதல்நாள் மாலையே கையில் வாங்கி ரிசப்ஷனில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள். முதலில் தேட வேண்டியது, உங்களுக்கு முன்னால் வாடகைக்கு எடுத்தவர் சைலண்ட் ஷட்டரில் விட்டுவைத்திருக்கிறாரா என்பதை.